களத்துச் சுதந்திரம்

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த வாரத்தில், ஊர் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பிலிருந்த நீர்ப்பாய்ச்சி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். அப்பா உள்ளே போய் பீரோவிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துவந்து நீட்டி, "வச்சுக்கிடும்" என்றார். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டு, "ரொம்பச் சந்தோஷம் மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். விடுமுறைக்கு வந்திருந்த நான் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கொடுத்த தொகையில் குறை ஒன்றும் இல்லை. அவருக்குச் சேர வேண்டிய நெல்லின் அன்றைய விலையைவிட அது சற்றுக் கூடுதலாகவே இருந்திருக்கும். ஆனாலும் அந்தக் காட்சியில் ஏதோ ஒன்று தவறிப்போயிருந்தது. என்ன தவறியது என்று சொல்லத் தெரியாமல் பல ஆண்டுகள் அதை மனத்தில் சுமந்துகொண்டிருந்தேன். இந்தப் பதிவு அதைச் சொல்லிப் பார்க்கும் முயற்சி.

எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாயின் கடைப்பகுதியில் இருக்கிறது. தாமிரபரணியின் குறுக்கே கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றில் மூன்றாவது கன்னடியன். ஆற்றில் தண்ணீர் நிறைந்து போகும்போதும் கடைமடைக்கு அது வந்து சேர்வது தனிக் கதை. தலைமடைக்காரர் தம் வயலுக்குத் தண்ணீர் விடும் வாமடையை அடைக்க மறந்தால் கடைமடைக்காரரின் பயிர் வாடும். ஆகவே மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்று தீர்மானிப்பதும், நிலத்துக்காரர் எவருடைய கையிலும் இல்லாமல் நீர்ப்பாய்ச்சியின் கையில் இருந்தன. தோளில் மம்பட்டியுடன் அவர் இரவில் வரப்பில் நடந்து போவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வயலில் எத்தனை விரற்கடை நிற்கிறது என்று கையை விட்டே பார்ப்பார். சொந்த நிலம் இல்லாதவர் என்பதனால்தான் அவர் சொல்லை எல்லோரும் ஏற்றார்கள்.

அவருக்குரிய கூலி களத்தில் அளக்கப்பட்டது. நான் பள்ளியில் படித்த காலத்தில் அறுத்த கட்டுகள் களத்துக்கு வரும்; சூடடித்து, தூற்றி, பொலியைக் குவித்து, மரக்கால் என்ற அளவுப் பாத்திரத்தால் அளப்பார்கள். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார்கள். வீட்டுக்கு ஒரு மூட்டை கட்டுவதற்கு முன்பே கோயிலுக்கு, நீர்ப்பாய்ச்சிக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, வண்ணாருக்கு என்று பங்குகள் பிரியும். இந்தப் பங்குக்கு எங்கள் பக்கத்துப் பெயர் 'சுதந்திரம்'. "என் சுதந்திரத்த அளந்துட்டு மூட்டையக் கட்டுங்க அண்ணாச்சி" என்று அவர் அப்பாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரலில் கெஞ்சலும் இல்லை, அதிகாரமும் இல்லை. சந்தையில் தன் பாக்கியைக் கேட்டு வாங்குபவரின் குரல் அது. அளந்து முடிந்ததும் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நன்றி என்று ஒரு சொல் அங்கே புழங்கியதாக எனக்கு நினைவே இல்லை.

இன்று விடுதலை என்ற பொருளில் மட்டுமே நாம் எழுதும் இந்தச் சொல், ஆங்கிலேயர் காலத்து வருவாய் ஆவணங்களில் 'களத்தில் ஒருவருக்கு வழக்கப்படி சேர வேண்டிய பங்கு' என்ற பொருளிலேயே வருகிறது. ஒருவனுக்குத் தன்னுடையது என்று எது உண்டோ அதுவே அவன் சுதந்திரம் என்பதில் ஆழமான ஒரு நியாயம் இருப்பதாக நினைக்கிறேன்.

பாளையங்கோட்டையில் வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த பிறகுதான் ஐரோப்பியத் தத்துவவாதிகளின் நூல்களை வாசிக்கத் தொடங்கினேன். சட்டக் கல்லூரியில் அவர்களின் பெயர்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது அப்போது மனத்தில் பதியவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அவர்களுக்கு இருந்த சிக்கல் எளிதானதன்று. சமயச் சண்டைகளால் ஐரோப்பா சிதறிக் கிடந்தது. எது நியாயம் என்பதற்கு ஒரு திருச்சபையையோ ஓர் அரசனையோ சான்று காட்ட முடியாத நிலையில், மனிதர் என்ற தகுதி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் மற்றொருவருக்கு எதைக் கடமைப்பட்டிருக்கிறார் என்று காட்ட முடியுமா என்பதே அவர்களுடைய கேள்வி.

டச்சுக்காரரான ஹ்யூகோ குரோஷியஸ் 1625இல் போரின் சட்டத்தையும் அமைதியின் சட்டத்தையும் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். உள்நாட்டு அரசியல் மோதலில் ஆயுள் சிறைத் தண்டனை பெற்று, 1621இல் புத்தகப் பெட்டி ஒன்றுக்குள் ஒளிந்து கோட்டைச் சிறையிலிருந்து தப்பியவர் அவர். நூலை எழுதியது பிரான்சில் அகதியாக இருந்தபோது. உரிமை என்பதற்கு அவர் தந்த விளக்கம்தான் என்னைத் திண்ணைக் காட்சிக்கு முதலில் திரும்பக் கொண்டுபோனது. அதுவரை சட்டம் என்றும் நியாயமான நிலை என்றும் பொருள்பட்ட ஒரு லத்தீன் சொல்லை எடுத்து, அது ஒரு மனிதரிடம் இருக்கும் தகுதியையும் குறிக்கும் என்றார்: ஒன்றை நியாயமாக வைத்திருக்கவோ செய்யவோ அவருக்கு வாய்ப்பளிக்கும் தகுதி. அதை அவர் இரண்டாகப் பிரித்தார். முழுமையான தகுதி ஒன்று; அதை வைத்திருப்பவர் கேட்டு வாங்கலாம், மறுத்தால் வழக்குப் போடலாம். முழுமையற்றது மற்றொன்று, அங்கே ஒருவர் ஒன்றைப் பெறத் தகுந்தவராக இருக்கிறார், ஆனால் அவர் கையை நீட்டி எடுத்துக்கொள்ள முடியாது. கடன் கொடுத்தவர் முதல் வகை. உதவிக்குத் தகுந்த ஏழை இரண்டாவது வகை.

ஜெர்மானியரான சாமுவேல் புஃபெண்டார்ஃப் 1672இல் வெளியிட்ட தம் பெருநூலில் இந்தப் பிரிவை இன்னும் கூர்மையாக்கினார். முழுமையான கடமைகள் இல்லாவிட்டால் சமூகமே நிற்காது, ஆகவே அவற்றை வற்புறுத்தி நிறைவேற்றலாம். முழுமையற்றவை சமூகத்தை இனிமையாக்குபவை, அவற்றை அவரவர் மனச்சான்றுக்கு விட்டுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் சொல்லும் காரணத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். மனிதநேயக் கடமைகளை வற்புறுத்தாமல் விட்டுவைத்தால்தான், வசதியுள்ளவர் தம் நல்ல மனத்தைத் தாமாகக் காட்டவும், தம் கொடையால் பிறரைத் தமக்கு நன்றிக்கடன் பட்டவராக்கவும் வாய்ப்பு இருக்கும் என்கிறார். திண்ணையில் நடந்தது இதுவே. களத்தில் அளந்தபோது அப்பா யாரையும் கடன்படுத்தவில்லை. தம்மிடம் இருந்த கடனை இறக்கிவைத்தார். வாசலில் கொடுத்தபோது அதே பங்கு, அதே ஆள், அதே வேலை. ஆனால் பெறுபவர் கடன்பட்டவராகிப் படியிறங்கினார். உரிமையாக இருந்தது தயவாக மாறியிருந்தது. இந்த மாற்றத்தை எவரும் தீர்மானித்துச் செய்யவில்லை. அறுவடை எந்திரம் வந்தது, நெல் வயலிலிருந்தே டிராக்டருக்கும் லாரிக்கும் போயிற்று, களம் இல்லாமல் போயிற்று. களம் போனதும் அளக்க இடமில்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு நேரடியான இணை உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, ஒருவர் மற்றொருவரின் நிலத்தின் வழியாக நடக்கவோ தண்ணீர் கொண்டுபோகவோ 20 ஆண்டுகள் அமைதியாக, வெளிப்படையாக, இடைவிடாமல், உரிமையாக அனுபவித்துவந்தால் அது அவருக்குப் பாத்தியமாகும். வரப்புத் தகராறுகளில் வழக்கு முழுவதும் அந்த 'உரிமையாக' என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கும். எதிர்த்தரப்பு எப்போதும் "நாங்கள்தான் அனுமதித்தோம்" என்று சொல்லும். அனுமதியால் அனுபவித்தது மூன்று தலைமுறை ஓடினாலும் பாத்தியமாக முதிராது. ஆகவே ஒருவர் எதைப் பெறுகிறார் என்பதோடு, எந்த நிலையில் நின்று பெறுகிறார் என்பதும் அவர் பிள்ளைகளின் நாளையைத் தீர்மானிக்கிறது. கேட்டு வாங்குபவரின் மகனும் கேட்கலாம். தயவால் வாங்குபவரின் மகன், கொடுப்பவர் மகனின் மனம் எப்படியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

இனி ஜான் லாக். ஆங்கிலேயர், 1632இல் பிறந்தவர். அவருடைய அரசாங்கம் பற்றிய இரண்டு ஆய்வுரைகள் 1689இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தன. சொத்து எப்படித் தோன்றுகிறது என்று விளக்கும் இடத்தில் அவர் தண்ணீரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். ஊற்றில் ஓடும் நீர் எல்லோருக்கும் உரியது. குடத்தில் இருக்கும் நீர் அதை மொண்டவருடையது என்பதில் யாருக்கு ஐயம் என்று கேட்கிறார். உழைப்பைக் கலந்தவருக்கு அந்தப் பொருள் சொந்தம். ஆனால் மற்றவர்களுக்குப் போதுமான அளவும் அதே தரத்திலும் மிஞ்சியிருக்க வேண்டும். முழு ஆறும் மிச்சமிருக்கும்போது ஒருவர் வயிறு நிறையக் குடித்துவிட்டார் என்று இன்னொருவர் குறைப்பட முடியாது என்பதும் அவர் சொல்லும் ஒப்புமை. அழகான ஒப்புமைதான். பாபநாசத்தில் கல்யாண தீர்த்தத்தின் அருகில் நின்று ஐப்பசி மழையில் ஆற்றைப் பார்ப்பவருக்கு லாக் சொல்வது கண்கூடு. ஆனால் கடைமடையில் பிறந்தவருக்கு அந்த ஆறு எப்போதும் நிறைந்திருப்பதில்லை. கார் பருவத்தில் தென்மேற்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் கால்வாயில் தண்ணீர் விடுவதா வேண்டாமா என்பதே பேச்சாக இருக்கும். விட்டாலும் முறைப்பாசனம்; இன்று இந்த மடை, நாளை அந்த மடை.

'முறை' என்ற சொல்லை நாம் எவ்வளவு இயல்பாகப் பயன்படுத்துகிறோம்! தண்ணீர் எப்போது யாருக்கு என்ற வரிசையும் முறை. மாமன் மச்சான் என்ற உறவும் முறை. அநியாயம் நடந்தால் போய் முறையிடுகிறோம். நல்லாட்சி செய்யும் அரசனை 'முறைசெய்து காப்பாற்றும்' மன்னவன் என்கிறது குறள். நீதியைக் குறிக்கும் சொல்லுக்குள்ளேயே ஒருவர் பின் ஒருவராகக் காத்திருப்பதும் ஒருவருக்கொருவர் உறவாக இருப்பதும் அடங்கியிருக்கின்றன. மடையருகே காத்து நின்றவர்களின் மொழி இது.

இந்தக் காத்திருப்பை லாக்கைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம். 1740இல் வெளிவந்த தம் மனித இயல்பு பற்றிய நூலின் மூன்றாம் பகுதியிலும், 1751இல் எழுதிய அறவியல் நூலிலும் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: நீதி எப்போது தேவைப்படுகிறது? எல்லாம் வேண்டிய அளவு கிடைக்கும் இடத்தில் எவரும் 'என்னுடையது' என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றுக்கும் பெருகி ஓடும் நீருக்கும் ஒருவரும் தனியுரிமை கோருவதில்லை. எல்லாம் அழிந்து பட்டினி வாட்டும் இடத்திலோ நீதியின் விதிகள் நிற்பதில்லை. இரண்டுக்கும் நடுவில், பொருள் ஓரளவு பற்றாக்குறையாகவும் மனிதர்களின் தாராள மனம் ஓர் எல்லைக்குட்பட்டதாகவும் இருக்கும்போதுதான் நீதி பிறக்கிறது. அது இயற்கையாக நெஞ்சில் ஊறுவதன்று. மனிதர்கள் கூடி வாழ்ந்து பழகி உண்டாக்கிக்கொண்டது. படகில் துடுப்புப் போடும் இருவர் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொள்வதில்லை, ஆனாலும் ஒத்து வலிக்கிறார்கள் என்று அவர் சொல்லும் எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. எங்கள் ஊரில் எழுதப்பட்ட நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் எதையும் நான் பார்த்ததில்லை. மடையைத் திறக்கும் வரிசை எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஹியூமைப் படித்தபோது, அவர் எங்கள் கடைமடையைப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று எனக்குள் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி நெடுநேரம் நிற்கவில்லை. அதே 1751ஆம் ஆண்டு நூலில் சில பக்கங்கள் தள்ளி அவர் இன்னொன்றும் சொல்கிறார். மனிதரிடையே ஒரு பிறவி வாழ்வதாக வைத்துக்கொள்வோம்; அதற்கும் அறிவு உண்டு, ஆனால் எவ்வளவு சீண்டினாலும் எதிர்த்து நிற்கும் வலிமை அதற்குக் கிடையாது. அவற்றைக் கருணையோடு நடத்த நாம் கடமைப்பட்டவர்கள், ஆனால் கண்டிப்பாகப் பேசினால் நீதி என்ற கட்டு அங்கே இல்லை. அவற்றுக்கு உரிமையோ சொத்தோ இருக்க முடியாது. நீதி ஏறத்தாழச் சம பலமுள்ளவர்களுக்கு இடையில் மட்டுமே நிகழும் ஏற்பாடு என்றால், பலமில்லாதவருக்கு மிஞ்சுவது மற்றவரின் கருணை மட்டும்தான். ஹியூம் இதைக் கொடுமை செய்யச் சொல்லி எழுதவில்லை. தம் கொள்கையைப் பின்தொடர்ந்து போனபோது அது அங்கே கொண்டுபோய் விட்டது. எதிர்க்க முடியாதவரிடம் கருணை மட்டும் போதும் என்ற முடிவு எங்கள் வட்டாரத்தில் தத்துவநூல் படிக்காமலே பல நூற்றாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதனால்தான் அந்தப் பக்கத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

பழைய களத்தைப் பற்றி மேலே உருகி எழுதிய நான் இதையும் சொல்லியாக வேண்டும். களத்துச் சுதந்திரம் உரிமைதான். ஆனால் அது பிறப்போடு கட்டிய உரிமை. நீர்ப்பாய்ச்சியின் மகன் நீர்ப்பாய்ச்சியாக வேண்டும். பங்கு அளந்த அதே களத்தில், எந்த இடம் வரை யார் வரலாம் என்ற கோடும் இருந்தது. நாற்று நட்ட பெண்களுக்கும் கதிர் அறுத்தவர்களுக்கும் கொத்து என்று கூலி நெல் உண்டு. அதன் அளவை யார் நிர்ணயித்தார்கள் என்று கேட்டால் நிலத்துக்காரர்களின் பெயர்கள்தான் வரும். மானூரில் கி.பி. 800ஐ ஒட்டிய பாண்டியர் கால வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊர்ச் சபையில் உறுப்பினராவதற்கு யாருக்குத் தகுதி என்று அது வகுக்கிறது. முன்வைக்கப்படும் காரியங்களை எல்லாம் வேண்டுமென்றே முட்டுக்கட்டை போட்டுத் தடுப்பவர் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும் என்றும் விதிக்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாவட்டத்தில் மனிதர்கள் உட்கார்ந்து தங்களுக்குள் விதி செய்துகொண்டார்கள் என்பது பெருமைக்குரியது. அந்தச் சபையில் இடம்பெற நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும் என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது.

லாக்கிடமும் இதே கோடு ஓடுகிறது. உழைப்பைக் கலந்தவருக்கே பொருள் சொந்தம் என்று சொன்ன அதே அத்தியாயத்தில், என் குதிரை மேய்ந்த புல்லும், என் வேலைக்காரன் வெட்டிய புல்தரையும், நான் தோண்டிய தாதுவும் என் சொத்து என்று ஒரே மூச்சில் எழுதுகிறார். வெட்டியது வேலைக்காரனின் கை, சொத்து எசமானருடையது. குதிரைக்கும் வேலைக்காரனுக்கும் அந்த வாக்கியத்தில் ஒரே இடம். ஆப்பிரிக்க அடிமை வாணிபத்தில் ஈடுபட்ட அரச ஆப்பிரிக்கக் கம்பெனியில் அவர் முதலீடு செய்திருந்தார். 1669இல் கரோலினாவுக்கு வகுக்கப்பட்ட அடிப்படைச் சட்டங்களின் ஆக்கத்தில் பங்குகொண்டார். அடிமையின் மீது உடையவருக்கு முழு அதிகாரம் உண்டு என்று அச்சட்டம் சொல்லியது. எங்கள் பாட்டி சேற்றில் இறங்கி நட்ட கைகளைக் காட்டி, "இந்த வெரலு எத்தன கோட்டை நெல்ல நட்டுருக்கும் தெரியுமா" என்று கேட்பாள். எங்களுக்கென்று சிறு நிலம் வருவதற்கு முன் அவள் பிறர் வயலில் நட்டவள். லாக்கின் அந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த விரல்களின் இடுக்கில் இருந்த சேற்றுப்புண் தழும்புகள் எனக்குத் தெரிகின்றன.

உரிமை பேசியவர்களின் நாட்டார் இந்தக் கரைக்கே கப்பலில் வந்தவர்கள் என்பதையும் இடையில் நினைத்துக்கொள்கிறேன். 1603இல் சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே டச்சுக்காரர்கள் ஒரு போர்த்துகீசியக் கப்பலைக் கைப்பற்றினார்கள். அதை நியாயப்படுத்த எழுதத் தொடங்கிய குரோஷியஸ், கடல் எவருக்கும் தனிச்சொத்தாக முடியாது என்ற வாதத்தை 1609இல் சிறுநூலாக வெளியிட்டார். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த டச்சுக் கம்பெனி, அங்கே முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. கடல் பொது, கடலடியில் மூச்சடக்கி எடுத்த முத்தோ கம்பெனியின் கணக்கில்.

ஆனாலும் இவர்களை ஒதுக்கிவைத்துவிட என்னால் முடியவில்லை. தாங்கள் போட்ட கோட்டைத் தாங்களே அழிக்கும் வாக்கியங்களும் அவர்களிடமே இருக்கின்றன. சாகும் தறுவாயில் தேவைப்படுபவர் பிறர் பொருளை எடுத்தால் அது களவாகாது என்றும், சொத்து தோன்றுவதற்கு முன் எல்லோருக்கும் பொதுவாக இருந்த பழைய உரிமை அப்போது மீண்டும் உயிர்பெறுகிறது என்றும் குரோஷியஸ் எழுதினார். லாக்கும் தம் முதல் ஆய்வுரையில், கடும் வறுமையில் வாடுபவருக்குப் பிறரின் மிகுதியில் ஓர் உரிமை உண்டு என்றே சொல்கிறார். 'ஈகை' என்ற தலைப்பில் வைத்துப் பேசினாலும், பாத்தியம் என்ற சொல்லை அவர் விடவில்லை. 1797இல் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். பிறருக்குக் கொடுக்கும் வசதி ஒருவருக்கு இருப்பதே பெரும்பாலும் அரசின் அநீதியால் சிலர் மேலேற்றப்பட்டதன் விளைவு. அப்படியிருக்க, செல்வர் பெருமையோடு செய்யும் உதவியைக் கொடை என்று அழைக்கத் தகுமா என்று அவர் கேட்கிறார். திண்ணையில் என்னை உறுத்தியது இந்தக் கேள்விதான், அன்று எனக்குச் சொற்கள் இல்லை.

எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுவது ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸின் ஒரு வாக்கியம். அரசனுக்கு அளவற்ற அதிகாரம் கொடுத்தவர் என்று அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்ததால் அவரிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. 1651இல் வெளிவந்த லெவியதான் என்ற அவர் நூலில், ஒவ்வொரு மனிதரும் மற்றவரைத் தமக்குச் சமமானவராக ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஒன்பதாவது இயற்கை விதி. அதை மீறுவதற்குப் பெயர் செருக்கு. அதற்கு அவர் சொல்லும் காரணம் நிலத்தில் கால் ஊன்றியது. இயற்கை மனிதரைச் சமமாகப் படைத்திருந்தால் அதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஏற்றத்தாழ்வோடு படைத்திருந்தாலும், தங்களைச் சமம் என்று கருதும் மனிதர்கள் சம நிலையில் வைத்துப் பேசினாலொழிய அமைதிக்கு இசையமாட்டார்கள், ஆகவே அப்போதும் சமத்துவத்தை ஏற்றே ஆக வேண்டும் என்கிறார். யார் உயர்ந்தவர் என்ற வாதத்துக்குள் அவர் இறங்கவே இல்லை. எந்த வலிமை ஒருவரிடம் இல்லை என்று ஹியூம் கணக்கிட்டாரோ, அந்தக் கணக்குக்கு முன்பாகவே ஹாப்ஸ் கதவைச் சாத்திவிடுகிறார்.

பட்டாவைப் பற்றியும் ஒரு சொல். ஒரு வயலின் மேல் பழைய நாளில் அரசு அல்லது நிலத்துக்காரரின் மேல்வாரம், பயிரிடுபவரின் குடிவாரம், கோயிலின் பங்கு, ஊழியரின் சுதந்திரம் என்று பலருடைய கைகள் இருந்தன. அரசு ஒவ்வொரு நிலத்துக்காரரிடமும் நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை வந்து, வரி கட்டுபவரின் பெயரில் பட்டா எழுதப்பட்டபோது, லாக் கண்ட ஒற்றை உடைமையாளர் எங்கள் வயலுக்கும் வந்துசேர்ந்தார். களத்தில் அளந்த நெல்லுக்கு அந்தத் தாளில் இடமில்லை. தாளில் இல்லாதது மாமூலாயிற்று, மாமூல் தயவாயிற்று. பிறப்போடு கட்டிய பழைய ஏற்பாடு திரும்ப வர வேண்டும் என்று நான் ஒருபோதும் விரும்பமாட்டேன். நீர்ப்பாய்ச்சியின் பேரன் இப்போது திருநெல்வேலியில் பாலிடெக்னிக் படிக்கிறான், அது நல்லது. ஆனால் வேலை செய்தவருக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்கும் நிலையில் வைப்பது எப்படி என்பதைப் பட்டாவும் சொல்லவில்லை, எந்திரமும் சொல்லவில்லை.

இந்தப் பிசானத்தில் அறுப்புக்கு நானும் போயிருந்தேன். இவற்றை எல்லாம் அப்பாவிடம் சில இரவுகள் பேசியிருந்தேன். அவர் அதிகம் பதில் சொல்லவில்லை. அறுவடை எந்திரம் நெல்லை டிராக்டரில் கொட்டத் தயாரானபோது, அப்பா ஓட்டுநரை நிறுத்தச் சொல்லி, முதல் நெல்லை வரப்போரம் விரித்த தார்ப்பாயில் கொட்டச் சொன்னார். வீட்டுப் பரணிலிருந்து பழைய மரக்காலைத் துடைத்துக் கொண்டுவந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீர்ப்பாய்ச்சிக்கு இப்போது வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. கண் சற்று மங்கல். வாய்க்கால் கரையில் நின்றவரைக் கூப்பிட்டு, அப்பா குனிந்து, "லாபம்" என்று சொல்லி முதல் மரக்காலை நிரப்பி, உள்ளங்கையால் விளிம்பை வழித்து, அவர் கோணியில் கொட்டினார். "ரெண்டு" என்று இரண்டாவதையும் வழித்தார்.

நீர்ப்பாய்ச்சி அருகே வந்து மரக்காலின் மேல் கையை வைத்துத் தடுத்தார். "தலை தட்டாதீங்க அண்ணாச்சி. சுதந்திர நெல்லு குவிச்சுல்லா அளக்கணும்."

அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு கோணியிலிருந்த நெல்லைத் தார்ப்பாயில் திரும்பக் கொட்டிவிட்டு, "லாபம்" என்று முதலிலிருந்து தொடங்கினார்.